சித்திர உளச்சார்புப் பரீட்சைக்குப் போகும் மலையகத்துத் தம்பி தங்கைகளுக்கு

பல்கலைக்கழகத்தில் சித்திரம் படிக்க உளச்சார்புப் பரீட்சையில் தகுதி பார்ப்பார்கள். உயர்தரத்தில் சித்திரம் எடுத்தவர்கள் அதன் செய்முறைக்கு மாய்ந்து மாய்ந்து வரைவார்கள். நேர்முகத்தில் "பிடித்த சமகால ஓவியர் யார்?" என்று கேட்டால் வாயடைத்துப் போவார்கள். சிலர் பிக்காசோ என்பார்கள்; அவர் இறந்தது 1973இல்! பத்துப் பேரின் பெயரை மனனம் செய்வதை விடுங்கள். ஒருவரைப் பிடித்துக்கொண்டு துருவுங்கள்.

நான் பிடித்துக்கொண்டவர் தா. சனாதனன். யாழ்ப்பாணத்தவர், டெல்லியில் ஓவியம் படித்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியர். இதை ஒப்புவித்தால் புள்ளி கிடைக்காது. 2011இல் வெளிவந்த அவருடைய 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலைப் பாருங்கள். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டை நினைவிலிருந்து கீறிய தரைப்படம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு போட்ட படம், அந்த வீட்டின் கதையிலிருந்து சனாதனன் வரைந்த சித்திரம் என ஒரு வீடு மூன்று விதமாக நிற்கும். வரையத் தெரியாதவரின் கோடும் அங்கே சான்றாகிறது.

காணி உறுதியே கண்டிராத, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயமா? எங்கள் அம்மாயியிடம் பென்சிலைக் கொடுத்து, பழைய லய அறையைக் கீறச் சொன்னேன். கதவைவிட அடுப்பைப் பெரிதாகப் போட்டார். சுவருக்கு ஒற்றைக் கோடு; சாமிப் படத்துக்கு மட்டும் சட்டம், ஆணி எல்லாம் இருந்தன. அதைப் பக்கத்தில் வைத்து அளவுப்படமும், பிறகு என் சித்திரமும் செய்தேன். நேர்முகத்தில் மற்ற ஓவியங்களைப் புரட்டியவர்கள் இதில்தான் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள்.

தேயிலை மலையை வரைவதானால் பச்சைக் கம்பளத்தை விடுங்கள். அது சுற்றுலா அட்டைக்கு உரியது. கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட மலைக்குப் போய் ஒரே ஒரு செடியின் முன்னால் உட்காருங்கள். முறுக்கேறிய கிளை, பாசி படிந்த பட்டை, வெளிறிய வெட்டுமுகம் எல்லாம் கோட்டுப் பயிற்சிக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தாள் ஈரம் இழுத்து நெளியும். அடுப்படியில் காயப் போடாதீர்கள், புகை மஞ்சளாக்கிவிடும். பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள்.

கலை வரலாற்றுக்கு நமக்கு வாய்ப்பு அதிகம். கண்டிக்கு அருகில் தெகல்தொருவை விகாரை இருக்கிறது. அதன் சுவரோவியங்களில் ஒரே பாத்திரம் ஒரே பட்டியில் மீண்டும் மீண்டும் வந்து கதை நகர்வதை நேரில் பார்த்தவர், பரீட்சையில் அதைக் கேட்டால் விடையை மறக்கமாட்டார். எம்பக்கே தேவாலயத்தின் செதுக்கு மரத் தூண்களைப் பார்க்கவும் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

விண்ணப்பத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தோடு வேலை முடிவதில்லை. உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும். யாழ்ப்பாணத்துக்கும், மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் வேறு வேறாகப் பார்த்து விண்ணப்பியுங்கள். பரீட்சைக்கு முந்தின நாளே போய்த் தங்குங்கள். அட்டனிலிருந்து இரவு பஸ் ஏறிக் காலையில் தூரிகை பிடித்தால் கை நடுங்கும்.