எந்த ஆயர்? கலப்புத் திருமண அனுமதிக்காக அலைந்த அனுபவம்

நான் கத்தோலிக்கப் பெண். என் கணவர் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். "ஆயரின் அனுமதி வேண்டும்" என்று பங்கு அலுவலகத்தில் சொன்னார்கள். மறுநாளே அவர் தம் ஆயரிடம் கடிதம் வாங்கி வந்துவிட்டார். அவர்கள் சபையில் ஆயர் என்றால் போதகர். எங்களுக்கோ மறைமாவட்டத் தலைவர். அதை எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். அலுவலக எழுத்தர் "இது செல்லாது" என்று கடிதத்தை மேசையில் தள்ளிவிட்டார். என் கணவர் வீட்டாருக்கு அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

அடுத்து எங்களுக்குத் தந்த படிவமே தவறு. அது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவரை மணப்பவர்களுக்கானது. அப்படிப்பட்ட மணத்துக்கு வேண்டியது திருமணத் தடையிலிருந்து விதிவிலக்கு. இருவரும் திருமுழுக்குப் பெற்றிருந்தால் அனுமதி போதும். தலைப்பைப் படிக்காமல் நிரப்பாதீர்கள். மற்றவரின் சான்றிதழில், தண்ணீரால், தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவருடையதில் பெயரும் தேதியும்தான் இருந்தன. அதற்காக இன்னொரு நடை.

எல்லாவற்றையும்விட வலித்தது வாக்குறுதித் தாள். பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்ப்போம் என்று இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார் எழுத்தர். இவர் பேனாவைத் திறந்தார், தாளை மறுபடி படித்தார், மூடிவைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. திருமணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன்.

நேரே பங்குத்தந்தையிடம் போனேன். திருச்சபைச் சட்டம் 1125-ஐ எடுத்து வாசித்துக் காட்டினார். பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குத் தருவது கத்தோலிக்கராகிய நான் மட்டுமே. இவருக்கு அதைத் தெரிவித்தால் போதும். இருவரிடமும் வாக்கு வாங்கியது 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்கம். 1970-லேயே திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றிவிட்டாராம். சாமியார் இவரிடம் வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் இப்படி மணக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இருவரும் முன்பே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். அலுவலகத்தில் வைத்துப் பேசும் பேச்சல்ல அது.

திருமணத் தயாரிப்பு வகுப்பும், ஆலயத்தில் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கும் ஓலை வாசிப்பும் சிக்கலின்றி முடிந்தன. மற்றவரின் ஆலயத்தில் மணம் முடிப்பதானால் அதற்கான விதிவிலக்கை முன்கூட்டியே கேளுங்கள். இங்கொரு முறை, அங்கொரு முறை என்று இரண்டு திருமணச் சடங்குகள் நடத்த இயலாது. அவர்கள் போதகர் பங்கேற்கலாமா என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். திருப்பியனுப்பப்பட்ட கடிதத்தை எழுதிய அதே ஆயர், எங்கள் திருமணத்தில் பீடத்தருகே நின்று விவிலியம் வாசித்தார்.