பறை, சிலம்பம், பேருந்து

2023 பொங்கலுக்கு அரசின் கலைத் திருவிழாவான சென்னை சங்கமம் திரும்பவும் தொடங்கியபோது ஒரு பூங்காவில் நின்று பறையாட்டம் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பள்ளிப் பையன்கள் தானாகவே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அரசு மேடை போட்டுக் கொடுத்தால் இதுதான் நடக்கும். சிலம்பத்துக்கும் அப்படித்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள், அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. தென்னந்தோப்பில் கம்பு சுற்றிப் பழகும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, அதே ஜனவரியில்தான் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்குப் பல வருடமாக நின்றுபோன அகவிலைப்படியை (விலைவாசி ஏறுவதற்கு ஏற்பக் கொடுக்கும் தொகை) கொடுங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் காசில்லாமல் போகிறோம் (அம்மா இப்போதெல்லாம் நினைத்தால் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்). அந்த வண்டியை ஓட்டியவரும் டிக்கெட் கிழித்தவரும் முதுகுவலியோடும் முட்டிவலியோடும் ஓய்வு பெற்று, அப்புறம் மாத்திரை வாங்கக் காசை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. திருவிழாவுக்கு ஒதுக்கும் அதே மனசோடு இவர்களுக்கும் ஒதுக்குங்கள், இந்தக் கணக்கு இனி ஒரு வருடம்கூட இழுபட வேண்டாம்.