தாழ்ப்பாளும் மன்னிப்பும்

மன்னித்த பிறகும் அஞ்சலாமா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகளின் நடுவே நெடுங்காலம் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையிலும், அவள் வரும் அதே சபையில் ஆராதிப்பவள் என்ற முறையிலும் நான் ஒரு பதில் சொன்னேன். அது சரியான பதில் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அது என்னை விட்டு அகலவில்லை.

அவளை அடையாளம் காட்டாத அளவுக்கு அவளுடைய சொற்களைத் தருகிறேன். “நான் மன்னிச்சுட்டேன் சிஸ்டர். நெசமாவே மன்னிச்சுட்டேன். ஆனா ராத்திரி தாழ்ப்பாள் போட்டாத்தான் தூக்கம் வருது. அப்ப நான் மன்னிச்சது பொய்யா?” மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நான், “தாழ்ப்பாளைப் போடும்மா. அதுக்கும் மன்னிப்புக்கும் சம்பந்தமே இல்லை” என்றேன்.

கை உடைந்த அன்று, வழுக்கி விழுந்ததாகவே அவள் சொல்லியிருந்தாள். வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றுவார்கள். உடைவது மணிக்கட்டுப் பக்கம். அவளுக்கோ முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் உடைந்திருந்தது. தலைமேல் இறங்கும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்துகிறவர்களுக்கு உடையும் எலும்பு அது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் கணவன் அடித்தான் என்பதைப் பின்னொரு நாள் அவளே சொன்னாள்.

‘சம்பந்தமே இல்லை’ என்ற அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். சபையின் மூத்தவர் ஒருவர் அவளிடம் ஏற்கெனவே ‘ஏழெழுபது தரம்’ மன்னிக்கச் சொல்லியிருந்தார். அந்த வசனம் வரும் மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே, சற்று முன்னால், குற்றம் செய்தவனிடம் தனியே பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல், சபைக்கும் கேளாவிட்டால் அவன் உனக்கு அந்நியன்போல் இருக்கட்டும் என்று வரிசையாகச் சொல்லப்பட்டிருப்பதை அவர் சொல்லவில்லை. அடிபட்டவளை மட்டும் பார்த்து அதிகாரத்தின் பிற்பாதியைப் படிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவேளை அந்தக் கோபமே என் பதிலை அவ்வளவு கூர்மையாக்கியிருக்கலாம்.

அவளுக்கு நான் பிறகு தாவீதின் கதையையும் சொன்னேன். தாவீதைச் சுவரோடு சேர்த்துக் குத்திவிட ஈட்டியை எறிந்தவன் சவுல். அந்தச் சவுல் தூங்கும்போது தாவீது அவனைக் கொல்லாமல் விட்டு, ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு எதிர்மலையில் போய் நிற்கிறான். சவுல் அழைக்கிறான்: தப்புச் செய்துவிட்டேன், திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்யமாட்டேன். தாவீது ஈட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. உம்முடைய ஆட்களில் ஒருவன் இங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிறான். பிறகு தன் வழியே போய்விடுகிறான். பழிவாங்கவும் இல்லை, அரண்மனைக்குத் திரும்பவும் இல்லை. 1 சாமுவேல் 26ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் தாவீதின் இரக்கத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன். அவன் விட்ட இடைவெளியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆனால் தாவீதுக்குப் போக வழி இருந்தது. இவளுடைய தாத்தா பாட்டி, இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சமவெளியில் இவளுக்கென்று ஓர் ஊர் இல்லை. பிறந்த வீடும் அதே லைனில், எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், நாலு கதவு தள்ளித்தான். லைன் வீடு இவளுடைய வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டால் வீடும் போய்விடும். எனவே ‘விலகியிரு’ என்று சொல்வதில் பொருளே இல்லை. அவனை விலகியிருக்கச் செய்வதுதான் வழியாக இருந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பாதுகாப்பு அலுவலர் உதவியோடு மனுக் கொடுத்தாள். அவன் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று நீதித்துறை நடுவர் உத்தரவிட்டார். அவன் அண்ணன் வீட்டுக்குப் போனான்.

அதன்பின் சபையில் சிலர் ஆஸ்திரேலிய மிஷனரியான கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைச் சொல்லத் தொடங்கினார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு சிறு மகன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றவர்களையே அவர் மன்னித்தாரே, இவள் சொந்தக் கணவனை மன்னிக்கக்கூடாதா என்றார்கள். அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை, குற்றவாளி சிறையில்தான் இருந்தான், அவனோடு ஒரே கூரையின்கீழ் வாழும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை என்று நான் வாதாடினேன். வாதத்தில் வென்றேன் என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் மற்றொன்றும் நினைவுக்கு வந்தது: அந்த அம்மையார் உடனே ஊர் திரும்பிவிடவில்லை; அதே ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கான பணியில் மேலும் சில ஆண்டுகள் இருந்தார். அச்சமே இல்லாமல் இருந்தாரா, அச்சத்தோடு இருந்தாரா என்பதை அவர்தான் சொல்ல முடியும். எப்படியிருந்தாலும், மன்னிப்பு அவர் எங்கே வாழ்ந்தார் என்பதைத் தொடவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அப்படியானால் நான் சொன்ன ‘சம்பந்தமே இல்லை’ என்பது முழு உண்மையா? அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது முழு உண்மையா, உயிரா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். உயிர் என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது. அதற்குப் பிறகும் கேள்வி தீர்வதில்லை.

இப்போது அவன் குடிப்பதில்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வந்து ஆண்கள் பக்கம் பின்வரிசையில் உட்காருகிறான். அந்தப் பாதுகாப்பு உத்தரவு, பாதிக்கப்பட்டவளே ரத்து கேட்டு மனுக் கொடுக்கும்வரை நடப்பில் இருக்கும் என்பது சட்டம். அந்த மனுவை எழுதச் சொல்லி மூத்தவர்கள் அவளை நெருக்குகிறார்கள். அவள் எழுதவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை.

ஒருநாள் அவன் மருத்துவமனை வாசலில் எனக்காகக் காத்திருந்தான். “நான் மாறிட்டேன்னு நீங்களாவது அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சிஸ்டர்? நீங்க சொன்னா கேப்பா” என்றான். “நீங்க குடிக்கலங்கிறதை யார் கேட்டாலும் சொல்லுவேன். மனு அவ எழுத வேண்டியது, நான் சொல்லமாட்டேன்” என்றேன். “சரிங்க சிஸ்டர்” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவன் முகத்தில் கோபம் இல்லாததைக் கண்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்; வரவில்லை. அடிக்கிறவர்கள் மன்னிப்புக் கேட்கும் நாட்களில் எவ்வளவு சாந்தமாக இருப்பார்கள் என்பதை இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே திருந்தியவனும் அப்படித்தான் இருப்பான்.