சி.பி. ரேடியோ பூட்டின கதை: மீட்டர் முள் அசையாவிட்டால் நல்லதாம்!

வாகனத்தில் சி.பி. ரேடியோ (சிட்டிசன்ஸ் பேண்ட்: டவர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் 27 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ) பூட்ட ஆசைப்படும் மலைநாட்டு நண்பர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. இந்திய யூடியூப்காரர்கள் "லைசென்ஸ் தேவையில்லை, வாங்கிப் பூட்டிப் பேசுங்கள்" என்று சொல்வதைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். அங்கே 26.957 முதல் 27.283 மெகாஹேர்ட்ஸ் வரை, குறைந்த வலுவுக்கு, உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது. அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கே நமக்கு இருப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் இந்த மாதிரிச் செட்டில் மைக்கை அமுக்கக்கூடாது. டுபாயிலிருந்து வரும் மாமா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும் சுங்கத்தில் இதே கேள்விதான் வரும்.

நான் ஹட்டன் பக்கம் வேன் ஓடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீசன் வந்தால் சிவனொளிபாதமலை ஆட்கள். மச்சான் கென்டர் லொறியில் மரக்கறி ஏற்றுகிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது போன் செத்துக் கிடந்தது. மச்சான் மண்சரிவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடத் தெரியாமல் வீட்டில் அக்கா அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். சி.பி. இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒரு மலை நின்றால் அதுவும் ஊமைதான். ஆனால் டவர் இல்லாமல், கரண்ட் இல்லாமல், வண்டி பெட்டரியில் பேசலாம். அது போதும் என்று இறங்கினோம்.

செட் கிடைத்தது கண்டியில், ஓய்வுபெற்ற ஒரு அமெச்சூர் ரேடியோக்காரரிடம். சிங்களவர், நல்ல மனுஷன், ஆனால் கறார். "புத்தா, கடதாசி கையில வராமல் செட் உன் வண்டியில ஏறாது" என்று சொல்லிவிட்டார். அனுமதிக்கு எழுதிப்போட சீரியல் இலக்கத்தை மட்டும் எழுதித் தந்தார். இங்கே ஒரு சின்ன விஷயம்: அந்த இலக்கம் செட்டின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே பூட்டிவிட்டால் பிறகு கழற்றாமல் பார்க்க முடியாது. பூட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்.

கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் ஆணைக்குழு அலுவலகத்தில் வேலை சுமுகமாக முடிந்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கே கொண்டுபோக வேண்டிய கடதாசிகளைச் சேர்ப்பதற்குள்தான் உயிர் போனது.

விலாசத்தை உறுதிப்படுத்தக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பவனுக்கு விலாசம் என்று என்ன இருக்கிறது? தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், தபால் நிலையம். எங்கள் டிவிஷனில் எல்லாருக்கும் அதே விலாசம்தான். ஜீ.எஸ். (கிராம சேவகர்) ஐயா என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், உடனே எழுதித் தந்தார். அதை மேலொப்பம் வாங்கக் கொண்டுபோன அலுவலகத்தில் ஒரு அம்மணி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "வீட்டு இலக்கம் எங்கே?" என்றார். இலக்கம் இல்லை மிஸ், லயம் என்றேன். "இலக்கம் இல்லாத வீட்டுக்கு ரேடியோ எதுக்கு?" என்று கேட்டார். ரேடியோ வீட்டுக்கு இல்லை, வேனுக்கு. வேனுக்கு நல்ல நம்பர் பிளேட்டே இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அப்படிப் பேசியிருந்தால் என் கடதாசி இன்னும் அந்த மேசையில்தான் கிடந்திருக்கும்.

தோட்டத்துக் கடிதம் கொண்டு வா என்றார். தோட்ட ஆபீஸில் துரை கூட்டத்துக்குப் போயிருந்தார். பெரிய கிளாக்கர் ஐயா டைப் பண்ணி வைத்தார், கையெழுத்து இல்லை. கையெழுத்து வந்த நாளில் அந்த அம்மணி லீவு. பக்கத்து மேசைக்காரர் ஒன்றுமே கேட்காமல் முத்திரை குத்தினார். ஆகவே யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்: தோட்ட ஆபீஸ் கடிதத்தில் லயத்து இலக்கம், அறை இலக்கம் இரண்டையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். தோட்டத்துப் பதிவில் அது இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் "இலக்கம் எங்கே" என்ற கேள்வி எழாது. ஜீ.எஸ். கடிதத்துக்கு முன்பே இதை வாங்குங்கள், பிறகு அல்ல.

அடுத்தது வாகனப் புத்தகம். என் வேன் லீசிங்கில் ஓடுகிறது, அசல் புத்தகம் கம்பனியிடம். என்னிடம் இருந்த போட்டோக் கொப்பி மங்கிப்போய், எஞ்சின் இலக்கம் பாதி தெரியவில்லை. உறுதிப்படுத்திய பிரதி கேட்டுப் போனால், கவுண்டரில் இருந்த தம்பி "எதுக்கு அண்ணே?" என்றான். ரேடியோ என்றதும் முகம் மாறியது. வாகனத்தில் துளை போடுவதென்றால் கம்பனியின் சம்மதம் வேண்டுமாம். கேட்க வேண்டியவர் தலைமை அலுவலகத்தில். அவர் போனை எடுப்பதில்லை. கடைசியில் மேனேஜரிடம் துளையே போட மாட்டேன், கிளாம்பில்தான் பூட்டுவேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு பிரதி வந்தது. காசையும் வாங்கிக்கொண்டுதான். உங்கள் வண்டியும் லீசிங் என்றால் "துளை இல்லாமல் பூட்டுவது" என்ற வார்த்தையோடு பேச்சைத் தொடங்குங்கள்.

இனி பூட்டுகிற கதை.

கண்டி ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், குனிந்து வேலை செய்ய முடியாது. எங்கள் டவுனில் ஒரு வயரிங் பாஸிடம் (வயரிங் வேலைக்காரரிடம்) விட்டேன். கார் ஒடியோ பூட்டுவதில் பேர்போனவர். "இதும் ஒரு செட்தானே தம்பி" என்றார். அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கலாம்.

என் வேன் டொல்பின், உயரக் கூரை. உயரக் கூரை என்றால் அது ஃபைபர். காந்த அடி வைத்த அன்டெனாவைக் கூரையில் வைத்தார், வழுக்கி விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்ப விழுந்தது. பிறகு ஒரு பிராக்கெட்டை ஃபைபரில் ஒட்டி அதில் அன்டெனாவை நிறுத்தினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 27 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 11 மீற்றர், கால் அலை அன்டெனாவே கிட்டத்தட்ட 2.7 மீற்றர் வேண்டும். நாம் வைப்பது சுருள் சுற்றிக் குறுக்கிய கம்பி. அதற்கு மறுபாதியாக நிற்பது வண்டியின் இரும்பு உடம்பு. ஃபைபரில் ஒட்டினால் அந்த மறுபாதி இல்லை. பாஸுக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள மனமும் இல்லை.

செட்டுக்குக் கரண்ட் எடுத்தது சிகரட் லைட்டர் வயரிலிருந்து. எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் "ஊ...ங்" என்று ஒரு ஓலம் ஏறியது. அது ஒல்டர்நேட்டர் சத்தம்.

உச்சக்கட்டம் மீட்டர்தான். அன்டெனா பொருந்தியதா என்று எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் பார்க்காமல் மைக்கை அமுக்காதே என்று கண்டி ஐயா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அனுப்புகிற வலுவில் எவ்வளவு அன்டெனாவில் பட்டுத் திரும்பி வருகிறது என்று காட்டுவது அந்த மீட்டர்; 1 என்றால் முழுப் பொருத்தம், இலக்கம் கூடக் கூடக் கெட்டது. பாஸ் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தார். அமுக்கினோம், முள் அசையவில்லை. "பாத்தீங்களா, அசையவே இல்ல, அப்ப நல்லது" என்றார். எனக்குச் சந்தேகம். மீட்டரின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அது 144 மெகாஹேர்ட்ஸுக்கான மீட்டர். நம்முடைய 4 வாட் அதற்குக் கண்ணிலேயே படவில்லை.

காசைக் கொடுத்துவிட்டு வேனைக் கண்டிக்கு விட்டேன். ஐயா தன் மீட்டரைப் போட்டார். 1ஆம் சனலிலும் 3க்கு மேல், 20இலும் 3க்கு மேல், 40இலும் அதேதான். அப்படியே பேசிக்கொண்டிருந்தால் செட்டில் அன்டெனாவுக்கு வலு தள்ளும் கடைசி டிரான்சிஸ்டர் வெந்துபோகும். பாஸ் இதைப் பார்த்திருந்தால் அன்டெனாவைக் கொஞ்சம் வெட்டுவோம் என்றிருப்பார். ஐயா வெட்டவில்லை. எல்லாச் சனலிலும் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் நீளம் காரணமில்லை, எர்த் (வண்டி இரும்போடு தொடுப்பு) இல்லை அல்லது எங்கேயோ ஷோர்ட் என்றார். பிராக்கெட்டைக் கழற்றியபோது அது இரண்டும் தெரிந்தது. அன்டெனா நிற்கும் போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வரவேண்டிய நைலோன் வாஷரை பாஸ் போடவே இல்லை. பெட்டியில் மிச்சமாகக் கிடந்த அதை "இது எக்ஸ்ட்ரா" என்று என் கையில்தான் தந்திருந்தார்!

டொல்பினுக்கு மழைத்தண்ணீர் ஓடும் இரும்புக் கால்வாய் பக்கத்தில் உண்டு. அதில் கிளாம்ப் போட்டு, கிளாம்ப் கடிக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பைப் பிடிக்க வைத்தோம். வாஷர் அதன் இடத்தில். செட்டின் இரண்டு வயரும் நேராகப் பெட்டரிக்கு, பெட்டரி முனையிலேயே பியூஸ். ஓலம் ஓய்ந்தது. டீசல் என்பதால் பிளக் சத்தமும் இல்லை.

இப்போது மீட்டர் பேசத் தொடங்கியது: 1இல் 1.5, 40இல் 2.2. மேல் சனலில் கூடினால் அன்டெனா நீளம் கூட. கீழ்ச் சனலில் கூடினால் நீளம் போதாது. நுனி ஸ்குருவைத் தளர்த்திக் கம்பியைக் கொஞ்சம் இறக்கினார். 1, 20, 40 சனல்களில் இப்போது 1.4, 1.3, 1.6. "இதுக்கு மேல ஆசைப்படாதே" என்றார். அளக்கும்போது வண்டியைத் தகரக் கூரைக்குக் கீழேயோ சுவரோரத்திலோ நிறுத்தக்கூடாது, கதவுகள் மூடியிருக்க வேண்டும். வயர் விஷயத்தில் ஒன்று: கடைக்காரன் டிவி வயரைத் தந்தால் வாங்காதீர்கள். அது 75 ஓம், நமக்கு 50.

மச்சானின் கென்டர் வேறு ரகம். அது 24 வோல்ட், செட் 12 வோல்ட். அதே பாஸ் (மச்சானுக்கு நான் சொன்னால் ஏறாது) இரண்டு பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்துக் கொடுத்துவிட்டார். வேலை செய்தது, பாஸ் சொன்னது சரி என்று மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் இறைத்துக்கொண்டே இருந்தால் அது பசியில் கிடக்கும், மற்றதற்குச் சார்ஜ் கூடிக் கொதிக்கும். அப்படியே நடந்து, ஒரு விடியற்காலையில் லோட் ஏற்றிய லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. புதுப் பெட்டரி வாங்கின பிறகு சிரிப்பு நின்றது. 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டோம். செட் பேசும்போதும் இரண்டு அம்பியருக்குள்தான் இழுக்கும், ஆகவே 5 அம்பியர் போதும். மலிவானதை வாங்கினால் அதுவே 27 மெகாஹேர்ட்ஸில் இரைச்சல் போடும். முதலில் வாங்கியது அப்படித்தான். இரண்டாவது இரும்புப் பெட்டிக்குள் வருவது, அதையும் செட்டிலிருந்து தள்ளி சீட்டுக்குக் கீழே வைத்து, வயரில் ஃபெரைட் வளையம் போட்ட பிறகுதான் காது ஆறியது.

பேச்சு எவ்வளவு தூரம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிலோமீற்றரில் பதில் சொல்ல முடியாது, மலை சொல்வதுதான். நான் டெவனில் உயரத்தில் நின்றபோது மச்சான் தலவாக்கலையிலிருந்து பக்கத்து சீட்டில் இருப்பவர் மாதிரிக் கேட்டார். லிந்துலை தாண்டி நானுஓயா ஏறும் வளைவுகளில் ஒரு மலை குறுக்கே வந்ததும் பாதி வசனத்தில் அறுந்தார். ஆகவே நாங்கள் பேசும் இடங்களை முடிவு செய்து வைத்திருக்கிறோம். பள்ளத்தில் கத்துவதில்லை, ஏறி வந்து கூப்பிடுகிறோம்.

பகலில் சில நேரம் செட் நிறைய வெளிநாட்டுக் குரல்கள். சூரியனில் கரும்புள்ளிகள் கூடுகிற வருஷங்களில் அலை மேல் வானத்தில் பட்டுத் திரும்பி வருகிறதாம். இந்தோனேசியக்காரர் மாதிரி ஒருவர் பாட்டே பாடினார், ஆனால் நாலு மைல் தள்ளி நிற்கும் மச்சான் கேட்கவில்லை. ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடைக்கும் குமிழை) கொஞ்சம் ஏற்றிவிட்டால் தலைவலி குறையும். அமெரிக்க வீடியோக்களில் 9ஆம் சனல் அவசரத்துக்கு என்பார்கள். இங்கே நான் கேட்டவரை அதில் ஒரு குரலும் இல்லை. அதை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

மைக்கை அமுக்கி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும். மச்சானுக்கு இது வர நாளானது. "பிரேக் பிடிக்காதே" என்று அவர் சொன்னால் எனக்கு "பிடிக்காதே" மட்டும் வரும். ஓடும்போது கிளீனர் பையன் பேசட்டும். காசு, லோட் விலை எதையும் காற்றில் சொல்லாதீர்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரியாது.

பொலிஸ் ஒரு தடவை மறித்து "வோக்கியா இது?" என்று கேட்டது. அனுமதிப் பத்திரத்தின் பிரதியை லேமினேட் பண்ணி வாகன வருமான அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தேன். சார்ஜன்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு "நுவரெலியா வரைக்கும் கேக்குமா?" என்று விசாரித்துவிட்டுப் போகச் சொன்னார். செட்டை விற்றால், வண்டியை மாற்றினால் ரேடியோ அனுமதிப் பத்திரத்தையும் மாற்ற வேண்டும், புதுப்பிக்கும் திகதியும் உண்டு. இன்ஷூரன்ஸ் திகதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் அன்டெனா அடியிலுள்ள கனெக்டரைக் கழற்றித் துடைத்து ரப்பர் டேப் சுற்றுங்கள்; எங்கள் மூடுபனிக்கு அது ஒரு சீசன்தான் தாங்கும்.