212ஆம் பக்கம் வரை பொறுங்கள்

முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 12. எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறானே என்று புது நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு தடித்த மாயாஜால நாவலைக் கையில் எடுத்தவன், சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. பிறகு நானே கடை கடையாக ஏறி இறங்கி அதே புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். 'ஆணவம் பிடித்த இளவரசன் மனிதனாகும் கதை' என்று பின்னட்டையில் போட்டிருந்தது. 'மனிதனாகும்' மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஆரம்பித்தது. திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன், கையை இரண்டு தட்டுத் தட்டி, "யாரங்கே!" என்றான்.

"இங்கதான்டா இருக்கேன், வெளக்கமாத்தோட" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது.

அன்று ஓரம் பிய்ந்து, நடுவில் கருகிய முதல் தோசை அவன் தட்டுக்குப் போனது. ஒரு விரலால் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இதை மாமாவுக்குக் கொடு அம்மாச்சி" என்றான். நாற்பது வருடமாக இந்த வீட்டில் முதல் தோசை எனக்குத்தான் என்பது வேறு விஷயம். ஆனால் யாரும் இப்படி ஆணை பிறப்பித்ததில்லை.

இரவில் அவன் தூங்கிய பிறகு டார்ச் அடித்துப் புத்தகத்தைப் புரட்டினேன். மொத்தம் 430 பக்கம். ஒரு கிழவன் சாபம் கொடுத்து, இளவரசனை யாருக்குமே அடையாளம் தெரியாமல் போய், அவன் ஆடு மேய்க்கப் போவது 212ஆம் பக்கத்தில். பயல் இருப்பதோ 64இல். ஒரு நாளைக்கு இருபது பக்கம் என்று வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்க வேண்டும். "அந்தப் பய திருந்திட்டானாடா?" என்று அம்மா தினமும் ராத்திரி கேட்க, நான் பக்க எண்ணைச் சொல்வேன்.

இடையில் எனக்கே பொறுமை போய், அரண்மனையெல்லாம் எத்தனை நாளைக்கு என்று காட்டலாமே என்று திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப் போனேன். மே மாத வெயில். "இப்ப நிக்கிறது கொஞ்சம்தான் மாப்ள. இதைப்போல பல மடங்கு இருந்துச்சு. 1636இல் தாத்தா கட்டினதை, பேரன் சொக்கநாதர் இடிச்சுத் திருச்சிக்குக் கொண்டு போயிட்டார்" என்றேன். அவன் தூணை அண்ணாந்து பார்த்தான். "பேரன்னா அப்படித்தான் இருக்கணும் மாமா" என்றான். ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

ஒருவழியாக 212 வந்தது. அன்று ராத்திரி கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் பாய் விரித்து, என் செல்போன் வெளிச்சத்தில் அவன் சத்தமாக வாசிக்க, அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கம் ஆட்டுக்கிடைக்குள் வளர்ந்தவள்.

"இளவரசன் தனி ஆளாக முந்நூறு ஆடுகளை..."

"நிறுத்துடா. முந்நூறு உருப்படியை ஒத்தை ஆளு எப்படிடா மேய்ப்பான்? நாய் இருக்கா?"

"நாய் பத்தி ஒண்ணும் போடல அம்மாச்சி."

"குட்டியெல்லாம் எங்க? குடாப்புல அடைச்சானா? சாயங்காலம் எண்ணிப் பாத்தானா?"

பயல் நான்கு பக்கம் தள்ளித் தேடிப் பார்த்தான். எண்ணவில்லை.

"புளுகு" என்று வெற்றிலையை வாயில் போட்டாள் அம்மா. "எழுதினவன் ஆட்டுக்குட்டியைத் தொட்டே பாத்திருக்க மாட்டான். இதை விடு. முன்னாடி அந்தத் திமிரு பிடிச்ச இடம் இருந்துச்சே, அதை வாசி. அதுதான் நல்லாருந்துச்சு."

நான் பதறிப்போய், "அம்மா, இன்னும் கொஞ்சம்தான், திருந்திடுவான்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. பயல் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தொண்டையைச் செருமி, கையைத் தட்டினான்.

"யாரங்கே!"

"இருக்கேன், வாசி" என்றாள் அம்மா.