கதை சொன்னவளின் ஒரு மணி நேரம்

ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் காலத்தை வைத்துச் சரித்திரக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் காட்சியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். காட்டோரக் குடிசை, புகையும் அடுப்பு, பொக்கைவாய்க் கிழவி, அவள் காலடியில் குறிப்பெடுக்கும் இரண்டு இளைஞர்கள். யாகோபும் வில்ஹெல்மும் அப்படிக் கிராமம் கிராமமாக அலையவில்லை. கதைகளில் பெரும்பகுதி அவர்கள் குடியிருந்த காஸல் நகரத்துக்கே வந்து சேர்ந்தது. கதை சொன்ன வில்ட் குடும்பத்தின் மருந்துக்கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதல் தொகுதிக்குக் கதை கொடுத்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய, படித்த நகரத்துப் பெண்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒரு நாட்காட்டி. தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் ஊரில் நடந்ததையும் வலப்பக்கம் வீட்டில் நடந்ததையும் எழுதிக்கொள்ள வேண்டும். 1806 நவம்பரில் பிரெஞ்சுப் படை காஸலுக்குள் நுழைகிறது. 1807 முதல் 1813 வரை நெப்போலியனின் தம்பி ஜெரோம் அங்கே அரசன். 1808 மே மாதம் சகோதரர்களின் தாய் இறக்கிறார். அதே வருடம் யாகோபுக்கு ஜெரோமின் நூலகத்தில் வேலை கிடைக்கிறது. 1812 டிசம்பரில் 86 கதைகளோடு முதல் தொகுதி வருகிறது. இந்தத் தாள் மேசையில் இருந்தால் பாதிப் பிழைகள் தாமாகவே கழன்றுவிடும். இரண்டாம் தொகுதிக்குக் கதை கொடுத்த டோரோதேயா ஃபீமன் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைச் சொல்வதாக எழுதும் கைப்பிரதிகள் உண்டு. அந்தக் கதை முதல் தொகுதியிலேயே வந்துவிட்டது. அதைச் சொன்னவர்கள் ஹாசன்ஃப்ளூக் வீட்டுப் பெண்கள் யானெட்டும் மரீயும். ஃபீமன் சகோதரர்களைச் சந்தித்ததே 1813இல்தான்.

ஃபீமனிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். நாவலாசிரியருக்கு இவரைப் போல ஒரு வரம் வேறில்லை. 1755இல் க்னால்ஹ்யூட்டே என்ற வழிச்சத்திரத்தில் பிறந்தவர். தகப்பன் வழி பிரான்சிலிருந்து மதக் காரணத்தால் வெளியேறிய ஹ்யூகனோக்கள் என்ற புராட்டஸ்டண்டுகளுடையது. வண்டிக்காரர்களும் வியாபாரிகளும் சிப்பாய்களும் தங்கிப்போகும் இடம் அது; கதை கேட்டு வளர அதைவிடத் தோதான வீடு கிடைக்காது. பிறகு ஒரு தையற்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, காஸலுக்குத் தெற்கே நீடர்ஸ்வேரன் கிராமத்தில் குடித்தனம். தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுபோய் நகரத்தில் விற்பார். இரண்டாம் தொகுதியின் முன்னுரை இவரைக் குடியானவப் பெண் என்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பினால் சத்திரமும் தையல் ஊசியும் பிரெஞ்சு வேரும் கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

ஆனால் அதே முன்னுரை இன்னொன்றைத் துல்லியமாகச் சொல்கிறது. முதலில் சரளமாக ஒரு தடவை சொல்வாராம். கேட்டால் மெதுவாக இரண்டாம் தடவை சொல்வாராம். பழகிய கை அதைக் கேட்டே எழுதிவிடலாம். திரும்பச் சொல்லும்போது எதையும் மாற்றமாட்டார். தவறிவிட்டால் பாதியிலேயே நிறுத்தித் தாமே திருத்துவார். ஒரு முழு அத்தியாயம் இந்த ஐந்து வாக்கியங்களுக்குள் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்து இருநூறு சொல் உள்ள ஒரு கதையை வாயால் சொல்லப் பத்து நிமிடம் போதும். இறகுப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துத் தோய்த்து எழுதினால், நிமிடத்துக்கு இருபது சொல் என்று வைத்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். பேனா மழுங்கினால் கத்தியால் சீவ வேண்டும். அதற்குள் சொல்பவரின் வாக்கியம் ஓடிப்போயிருக்கும். வாத்து மேய்க்கும் இளவரசியின் கதை ஃபீமன் சொன்னது. நகர வாயிலில் அறைந்து வைத்த குதிரைத் தலையோடு அந்தப் பெண் பேசும் வரிகள் அதில் அப்படியே திரும்பத் திரும்ப வரும். எழுதுகிறவரின் கை இளைப்பாறும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு. காட்சியை அமைக்கிறவர், சொல்பவரின் கண் எழுதுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக வைக்கலாம். வேகத்தைத் தீர்மானிப்பது அந்த அம்மாள்தான்.

மேசையில் காப்பி வைக்கிறீர்களா, 1813 என்பதை மறக்க வேண்டாம். நெப்போலியனின் வணிகத் தடையால் காப்பிக்கொட்டை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சிக்கரி வேரை வறுத்துத்தான் பலரும் குடித்தார்கள். அசல் காப்பி ஊற்றிக் கொடுத்தால், அதுவே ஒரு மரியாதை. அந்த வருட அக்டோபரில் ஜெரோம் ஊரைவிட்டு ஓடுகிறார்.

அடுத்த சிக்கல் கதையின் எழுத்து வடிவம். கடையில் கிடைப்பது 1857ஆம் வருடத்து ஏழாம் பதிப்பின் வழி வந்தது. ஏறக்குறைய ஐம்பது வருடம் வில்ஹெல்ம் மெருகேற்றிய நடை அது. அதை 1811இல் ஒரு பெண்ணின் வாயில் வைத்தால், பேரனின் சட்டையைப் பாட்டிக்கு மாட்டியது போல இருக்கும். 1810இல் சகோதரர்கள் கவிஞர் பிரென்டானோவுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி தப்பிப் பிழைத்திருக்கிறது. அவர் அதைத் திருப்பித் தரவே இல்லை, பிற்பாடு அல்சாஸில் ஓலென்பெர்க் மடத்தில் கிடைத்தது. ரும்பெல்ஷ்டில்ட்ஸ்கென் என்ற குள்ளனின் கதையை அதில் பார்க்க வேண்டும். ஆளிநாரை நூலாக நூற்கச் சொன்னால், அந்தப் பெண்ணின் ராட்டையில் வருவதெல்லாம் தங்கம். நூல் வரவில்லையே என்பதுதான் அவள் அழுகை! கடைசியில் குள்ளன், பிந்தைய பதிப்பில் வருவதுபோல, தன்னை இரண்டாகக் கிழித்துக்கொள்வதும் இல்லை. அகப்பையில் ஏறி ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறான். வெண்பனியாளை (ஸ்நோ ஒயிட்) கொல்லச் சொல்பவள் முதல் பதிப்பில் பெற்ற தாய். 1819இல்தான் மாற்றாந்தாய் ஆனாள்.

ஆளை மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. சகோதரர்களின் குறிப்புகளில் கதை சொன்னவராக வரும் ‘மரீ’ மருந்துக்கடை வீட்டு வயதான பணிப்பெண் என்று வில்ஹெல்மின் மகன் ஹெர்மன் சொன்னார், உலகமே நம்பியது. 1975இல் ஆய்வாளர் ஹைன்ஸ் ரோல்லெகெ தேதிகளை ஒப்பிட்டு, அது இளம் மரீ ஹாசன்ஃப்ளூக்தான் என்று காட்டினார். கிழவி மரீயை வைத்து இன்று நாவல் எழுதினால் அந்தக் கதைகளைச் சொல்லாத ஒருத்தியை எழுதுவதாகும். கிராவுசெ என்ற ஓய்வுபெற்ற குதிரைப்படை வீரர் பழைய கால்சட்டைகளுக்குக் கதை கொடுத்ததை விட்டுவிட வேண்டாம்.

மார்புர்க் நகரத்தில் ஒரு ஏழை விடுதியில் இருந்த, கதை தெரிந்த முதியவளை என்ன செய்வது? தங்கை லோட்டெயை அனுப்பினார்கள்; அவள் வாய் திறக்கவில்லை. 1810இல் வில்ஹெல்மே போனார். கதை சொல்லித் திரிகிறாள் என்று உடனிருப்பவர்கள் தப்பாகப் பேசுவார்கள் என்பது அவள் பயம். கடைசியில் விடுதி நிர்வாகியின் வீட்டுக் குழந்தைகள் வழியாக இரண்டே கதைகள் கிடைத்தன. இவளுக்குப் பெயர் சூட்ட எழுதுகிறவரின் கை துறுதுறுக்கும். சூட்ட வேண்டாம். தன் பெயர் வெளியே போகக் கூடாது என்று பயந்தவள் அவள். நாவலிலும் ‘மார்புர்க் அம்மாள்’ என்றே இருக்கட்டும். குழந்தைகள் கேட்கும்போது மட்டும் அவள் பேசட்டும்.