இல்லாத தீவும் முழங்கால் ஆழக் காடும்

அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் என் அக்கா மகன் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். சென்ற ஏப்ரலில் அவன் வீட்டில் பத்து நாள் தங்கப் போனேன். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் மோஹர் செங்குத்துப் பாறைகளை முதல் நாளே காட்டி முடித்துவிட்டு, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டான். பிரேசில் தீவைப் பார்க்க வேண்டும் என்றேன். கைப்பேசியில் சிறிது நேரம் துழாவிவிட்டு, “சித்தி, அப்படி ஒரு தீவே இங்க இல்லையே” என்றான். இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வரைபடங்களில் இருந்தது.

1325இல் அஞ்சலினோ டல்செர்ட் என்பவர் வரைந்த கடற்பயண வரைபடத்தில், அயர்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் அந்தத் தீவு முதன்முதலாகத் தென்படுகிறது. பின்வந்த வரைபடங்கள் பலவற்றில் அது காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டமாகவும், நடுவே ஒரு நீர்க்கால் ஓடி இரண்டாகப் பிளந்ததாகவும் இருக்கும். இயற்கை எந்தத் தீவையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 1480 ஜூலையில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் அதைத் தேடிக் கிளம்பி, செப்டம்பருக்குள் புயலில் அடிபட்டு வெறுங்கையோடு திரும்பியது. மறு ஆண்டே டிரினிட்டி, ஜார்ஜ் என்ற இரண்டு கப்பல்கள் போயின. பிரிஸ்டல்காரர்கள் ஏழு ஆண்டுகளாக ஆண்டுதோறும் இரண்டு முதல் நான்கு கப்பல்களை இந்தத் தேடலுக்கு அனுப்புகிறார்கள் என்று, இங்கிலாந்தில் இருந்த ஸ்பெயின் தூதர் பெட்ரோ தெ அயாலா 1498இல் தம் அரசருக்கும் அரசிக்கும் எழுதினார்.

இந்தப் பெயருக்கும் தென் அமெரிக்க நாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று அக்கா மகன் கேட்டான். இல்லை. தீவின் பெயருக்கு ஐரிஷ் மொழியில் வேர் சொல்கிறார்கள். நாட்டின் பெயரோ ஒரு சாயமரத்திலிருந்து வந்தது. கேரளத்தில் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்துச் சிவப்பாகக் குடிக்கிறார்களே, அந்தப் பதிமுகம், ஆசியாவிலிருந்து இடைக்கால ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே அதற்கு வைத்த பெயர்தான் பிரேசில். பிறகு அதே சிவப்புச் சாயம் தரும் இன்னொரு மரத்தைப் போர்த்துகீசியர் கடலுக்கு அப்பால் கண்டபோது, அந்த மண்ணுக்கே மரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ரோசவீல் துறையிலிருந்து இனிஷ்மோர் தீவுக்குப் படகில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் இஞ்சிமிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அடிவானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆரன் தீவுகள் மூன்றில் பெரியது இனிஷ்மோர். அதன் தென்மேற்கு விளிம்பில் டூன் ஏங்கஸ் என்ற கற்கோட்டை நிற்கிறது. கிறிஸ்துவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சாந்து பூசாமல் அடுக்கிய அரைவட்டச் சுவர்கள், நூறு மீட்டரை ஒட்டிய செங்குத்தில் வந்து சட்டென நின்றுவிடுகின்றன. மறுபாதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது என்று சிலரும், பாறை விளிம்பே அரண் என்பதால் தொடக்கத்திலேயே அரைவட்டமாகத்தான் கட்டினார்கள் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். விளிம்பில் தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது. எல்லாரையும்போல நானும் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்த் தலையை மட்டும் நீட்டினேன். சுண்ணாம்புக்கல்லின் குளிர் சட்டையைத் தாண்டி வயிற்றில் ஏறியது.

ஆரன் தீவுகளிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் மாயத்தீவு அடிக்கடி கண்ணுக்குத் தெரிகிறது என்று ரோடரிக் ஓஃபிளாஹெர்ட்டி என்ற ஐரிஷ் வரலாற்றாசிரியர் 1684இல் எழுதியிருக்கிறார். டி. ஜே. வெஸ்ட்ராப் என்ற தொல்லியல் அறிஞர், 1872இல் தாமும் உடனிருந்தவர்களும் அதைப் பார்த்ததாக 1912இல் பதிவு செய்தார். படித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அன்று மாலை ஐந்து மணியளவில் என் கண்ணுக்கும் மேற்கே சாம்பல் நிறத்தில் இரண்டு மேடுகளும் நடுவே ஒரு தாழ்வுமாகத் தரை போன்ற ஒன்று எழுந்தது. பத்து நிமிடம் நான் அதை முழுமனதாக நம்பினேன். பிறகு தாழ்வு அகன்று, மேடுகள் தனித்தனி மேகங்களாகப் பிரிந்து வடக்கே நகர்ந்தன. கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் படிந்திருக்கும் நாட்களில், ஒளி வளைந்து, அடிவானத்துக்குக் கீழே உள்ளதைத் தூக்கியும் நீட்டியும் காட்டும். அப்படிப்பட்ட நாளில் மேகம்கூடத் தேவையில்லை.

ஒரு முறை வரைபடத்தில் ஏறிய தீவை இறக்குவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு, வரைந்தவர்களின் சோம்பல் மட்டும் காரணமல்ல. இல்லாத பாறையைக் குறித்தால் மாலுமிக்குக் கொஞ்சம் சுற்றுவழி. இருக்கும் பாறையை அழித்துவிட்டால் கப்பலே போய்விடும். ஆகவே அழிக்கத் துணியாமல் படியெடுத்துக்கொண்டே போனார்கள். 1570இல் ஆர்டீலியஸின் உலக வரைபடத் தொகுப்பிலும் பிரேசில் தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அது ‘பிரேசில் பாறை’யாகச் சுருங்கி, பிறகுதான் மறைந்தது. செயற்கைக்கோள் காலத்தில் இதெல்லாம் நடக்காது என்று சொல்வதற்கும் இல்லை. நியூ கலிடோனியாவுக்கு அருகே கூகுள் வரைபடத்தில் கூட இருந்த சாண்டி தீவைத் தேடி 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக்கப்பல் போனபோது, அங்கே 1,400 மீட்டர் ஆழக் கடல்தான் இருந்தது.

தீவு இல்லை என்றானதும், அது மூழ்கிவிட்டது என்று சொல்ல ஆள் வந்தார்கள். 1862இல் போர்க்குபைன் என்ற ஆய்வுக்கப்பல், அயர்லாந்துக்கு மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் கடலடி மேடு ஒன்றைக் கண்டது. அதுவே பழைய பிரேசில் தீவு என்று 1870இல் வில்லியம் ஃப்ரேசர் வாதிட்டார். எனக்கு இதில் கணக்கு இடிக்கிறது. அந்த மேட்டின் உச்சிக்கு மேலேயே ஏறத்தாழ 150 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. பனியுகத்தின் உச்சத்தில், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போதே தலைகாட்டாத மேடு, 1325இல் எந்த மாலுமியின் கண்ணில் பட்டிருக்கும்?

இந்த ஆசையை நாம் சிரித்து ஒதுக்க முடியாது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் உள்ள விலங்குகளின் ஒற்றுமையை விளக்குவதற்காக ஊகித்த லெமூரியாவைத்தான், நாம் குமரிக்கண்டம் என்று நம்முடையதாக்கிக்கொண்டோம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் ஸ்கிளேட்டரின் ஊகத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. கடல்கோளைப் பற்றிச் சிலப்பதிகாரம் சொல்வது கரையோரம் இழந்தவர்களின் நினைவாக இருக்கலாம் என்று நானும் நம்புகிறேன். அதற்கு ஆஸ்திரேலியா வரை எல்லைக்கோடு போட்டு, ஆறுகளின் நீளத்தையும் எழுதிய வரைபடங்களைப் பள்ளிநாளில் நானே படியெடுத்திருக்கிறேன் என்பதால், ஆர்டீலியஸைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூழ்கிய நிலம் ஒன்று உண்மையிலேயே அருகில் இருக்கிறது. கால்வேயிலிருந்து மேற்கே அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஸ்பிடல் என்ற சிற்றூர். 2014 தொடக்கத்தில் அடித்த புயல்கள் அங்கே கரை மணலை வாரிக்கொண்டு போனபோது, 7,500 ஆண்டுப் பழமையுள்ள காட்டின் அடிமரங்கள் வெளிப்பட்டன. முதல் முறை போனபோது, நேரம் பார்க்காமல் பிற்பகல் இரண்டு மணிக்கு, கடல் ஏறியிருந்த நேரத்தில் போய் நின்று, கூழாங்கல்லையும் அலையையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குற்றம் முழுவதும் என்னுடையது. கன்னியாகுமரிக்காரியின் மகளுக்கு ஏற்றவற்றம் தெரியாதா என்று என் அம்மா கேட்டிருப்பாள். நான்கு நாள் பொறுத்து, அமாவாசைக்கு மறுநாள், நண்பகல் வற்றத்துக்குப் போனோம்.

கடல் நெடுந்தூரம் உள்வாங்கிக் கிடந்தது. கடற்பாசி வழுக்கும் கற்களைத் தாண்டினால், கறுப்பாக, கேழ்வரகுக் களியைப் பரப்பியதுபோல ஒரு தரை. பீட் என்று சொல்லும் மக்கிய மண் அது. இந்த நாட்டில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பது. நிலத்துச் சதுப்பில் உண்டாகும் அந்த மண் உப்புநீருக்கு அடியில் கிடப்பதே இங்கு ஒரு காலத்தில் கடல் இல்லை என்பதற்குச் சாட்சி. அதில் வேர்பரப்பியபடி முழங்கால் உயரத்துக்கும் குறைவான அடிமரங்கள் நின்றன. ஓக், பைன், பிர்ச் மரங்கள் இருந்த காடு என்று ஆய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எது எதுவென்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு வேரைத் தொட்டேன். கல்லாக இருக்கும் என்று நினைத்த விரலுக்கு, ஊறிய ரொட்டிபோல அது அமுங்கிக்கொடுத்தது. நகத்தில் ஏறிய கறுப்பை முகர்ந்தால், மழைக்காலத்துக் கிணற்றடி வாசம். அழுத்திய தடம் மறையவில்லை. 7,500 ஆண்டு தாக்குப்பிடித்ததன் மேல் என் விரலை வைத்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

மரங்களை வெள்ளம் ஒரே நாளில் கவிழ்க்கவில்லை. பனிப்பாறைகள் உருகக் கடல் மெல்ல ஏறி, காடு சதுப்பாகி, சதுப்புக்கு மேல் உப்புநீர் வந்திருக்கிறது. இதற்கென்று எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை, இதைத் தேடி எந்தத் துறைமுகமும் கப்பல் அனுப்பியதில்லை.

அக்கா மகன் இந்த இடத்தைக் குறித்துவைக்கலாம் என்று கைப்பேசியை எடுத்தான். திரையில் கரைக்கோடு எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. எங்களைக் காட்டும் புள்ளி நடுக்கடலில் நின்றது. அவன் அதைப் படமெடுத்து முடிப்பதற்குள் முதல் ஓடை அடிமரங்களுக்கு நடுவே நுழைந்து அவன் காலணியைத் தொட்டது. “சித்தி, தண்ணி ஏறுது, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தான்.